யார் யாருக்குக் காவல்

தொண்ணூறுகளின் நடுவில் சில ஆண்டுகள், ரவுட்டர்கள் மெயின்ஃப்ரேமுக்குக் கணக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தன. இன்று நெட்வொர்க் வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்பச் சிரமப்படுகிறார்கள். அவர்கள் பார்த்த மெயின்ஃப்ரேம், கண்காணிப்புப் பட்டியலில் நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவே ஒரு பெயர். உயிரோடு இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கப்படும் இன்னொரு முகவரி. நான் வேலை கற்ற காலத்தில் தட்டிப் பார்த்த கை அதனுடையது. இந்தத் தலைகீழ் மாற்றத்தின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். எது கைமாறியது, எது கைநழுவியது என்று எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கைநழுவியது சின்னப் பொருள் இல்லை.

ஐ.பி.எம். 1974இல் எஸ்.என்.ஏ. என்ற வலைப்பின்னல் அமைப்பை அறிவித்தது. அதில் எல்லாமே மேலிருந்து கீழ். மெயின்ஃப்ரேமுக்குள் வீடாம் என்ற மென்பொருள். அதற்குக் கீழே 3705, பின்னாளில் 3725, 3745 என்று வந்த கட்டுப்பாட்டுப் பெட்டிகள். பெட்டிக்குள் என்.சி.பி. என்ற நிரல். அங்கிருந்து லீஸ்டு லைன், மறுமுனையில் மோடம், மோடத்துக்குப் பின்னால் கிளை அலுவலகத்தின் 3274 பெட்டி, அதிலிருந்து கேபிள் பிடித்து மேசை மேசையாக டெர்மினல்கள். ஒவ்வொன்றுக்கும் எட்டு எழுத்துக்குள் ஒரு பெயர் வைத்து முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். ஒரு கிளையில் கூடுதலாக ஒரு லைன் போட்டால் என்.சி.பி.யின் வரையறைகளைத் திருத்தி, நிரலை மறுபடி உருவாக்கி, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பெட்டியில் ஏற்றுவோம். அந்தக் கெடுபிடியை எல்லோரும் திட்டினார்கள். நானும் திட்டியிருக்கிறேன்.

ஆனால் அந்தக் கெடுபிடியால் ஒன்று கிடைத்தது. எந்த டெர்மினல் எந்தப் பயன்பாட்டோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பது வீடாமுக்கு எப்போதும் தெரியும். பேச்சு தொடங்கும்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைப்பதே அதுதான். அந்தப் பேச்சுக்கு 'செஷன்' என்று பெயர். ஒவ்வொரு செஷனுக்கும் பதினாறு இலக்கத்தில், எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் உண்டு. கன்சோலில் அந்த அடையாளத்தைக் கொடுத்துக் கேட்டால், அந்த ஒரு பேச்சின் இரு முனைகளையும் நிலையையும் வீடாம் எடுத்துச் சொல்லும்.

1986இல் ஐ.பி.எம். நெட்வியூவைக் கொண்டுவந்தது. அதுவரை தனித்தனியாக விற்ற என்.சி.சி.எஃப்., என்.பி.டி.ஏ., என்.எல்.டி.எம். ஆகிய மென்பொருள்களை ஒரே கூரைக்குள் வைத்த பொருள் அது. முதலாவது கட்டளை கொடுக்க. இரண்டாவது கருவிகள் அனுப்பும் எச்சரிக்கைகளைச் சேர்க்க, ஐ.பி.எம். மோடமாக இருந்தால் தொலைவிலிருந்தே லைனைச் சோதித்து, கோளாறு மோடத்திலா கம்பியிலா என்றுகூடச் சொல்லும். மூன்றாவதுதான் என் மனத்துக்கு நெருக்கமானது. என்.எல்.டி.எம். செஷன்களைப் பின்தொடர்ந்தது. ஒரு பேச்சு அறுந்தால் ஏன் அறுந்தது என்ற குறியீட்டையும், அறுவதற்கு முன் கடைசியாகப் போய்வந்த செய்திகளையும் அது எடுத்துவைத்திருக்கும்.

இன்னொன்றும் இருந்தது. 3274, அதன் பின் வந்த 3174 பெட்டிகளில் ஆர்.டி.எம். என்ற வசதி. டெர்மினல் முன்னால் உட்கார்ந்திருப்பவர் என்டர் அழுத்திய நொடியிலிருந்து பதில் திரைக்கு வரும் வரை எவ்வளவு நேரம் ஆனது என்று கிளை அலுவலகத்தில் இருந்த பெட்டியே அளக்கும். அந்தக் கணக்கை நெட்வியூ வாங்கி வைத்துக்கொள்ளும். வாடிக்கையாளரின் உலாவியிலேயே நேரத்தை அளக்கும் கருவிகளை இன்று பெரும் புதுமையாக விற்கிறார்கள். அந்தப் புதுமையை நான் பச்சை எழுத்துத் திரையில் பார்த்திருக்கிறேன்.

நான் இதையெல்லாம் கற்றது அமெரிக்காவின் மத்திய மேற்கில், ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் டேட்டா சென்டரில். கற்றுக்கொடுத்தவர் திருநெல்வேலிக்காரர். சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் ஐ.பி.எம். 370/155 வந்திறங்கிய சமயத்தில் அங்கே படித்தவர். துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு, விடை அச்சாகி வரும் வரை காத்திருந்து பழகியவர். நான் அவரை அண்ணா என்பேன். அலுவலகத்தில் மற்ற எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது எனக்கு மட்டும் அது வாயில் வரவில்லை. வீடாம், என்.சி.பி. இரண்டும் அவர் பொறுப்பு. முதல் வாரத்திலேயே எனக்கு ஒரு பாடம் நடந்தது. ஏதோ ஒரு கிளையிலிருந்து புகார். நான் லைன் நிலையைப் பார்த்து, "ஆக்டிவ்னு காட்டுது அண்ணா" என்றேன்.

"லைன் உயிரோட இருக்கான்னு யாரு கேட்டா? அந்த ஆபீஸ்ல உக்காந்திருக்கிற அம்மாவுக்கு ஸ்க்ரீன் வருதான்னு பாரு தம்பி."

செஷனைப் பார்த்தேன். பாதியில் நின்றிருந்தது. அன்றிலிருந்து எந்தப் புகார் வந்தாலும் கருவியைப் பார்ப்பதற்கு முன் பேச்சைப் பார்ப்பது எனக்குப் பழக்கமானது.

ரவுட்டர்கள் பின்வாசல் வழியாகத்தான் எங்கள் கட்டடத்துக்குள் வந்தன. ஸ்டான்ஃபோர்டில் வேலை பார்த்த லெனர்டு போஸாக், சாண்டி லெர்னர் தம்பதி 1984இல் தொடங்கிய சிஸ்கோ, பத்தாண்டுக்குள் எல்லாத் தளங்களிலும் பெட்டிகளை வைத்துவிட்டது. கிளைகளில் பி.சி.கள் பெருகின. அவற்றை இணைக்க ஒரு லைன், டெர்மினல்களுக்கு ஏற்கெனவே இருந்த லைன், ஆக ஒரே ஊருக்கு இரண்டு லைன் வாடகை. நிர்வாகம் இரண்டாவது லைன் எதற்கு என்று கேட்டது. நியாயமான கேள்வி. எஸ்.என்.ஏ.வின் பேச்சை ஐ.பி. பொட்டலத்துக்குள் வைத்து ரவுட்டர் வழியாகவே அனுப்பிவிடலாம் என்று பதில் வந்தது. டி.எல்.எஸ்.டபிள்யூ. என்று அந்த முறைக்குப் பெயர். ஐ.பி.எம். எழுதிய முதல் வடிவம் 1993இல் ஆர்.எஃப்.சி. 1434 என்ற இணைய ஆவணமாக வெளிவந்தது. 1995இல் பல நிறுவனங்கள் சேர்ந்து செம்மைப்படுத்திய ஆர்.எஃப்.சி. 1795 வந்தது.

ரவுட்டர்கள் நேர்மையாக வென்றன என்பதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. பழைய எஸ்.என்.ஏ.வில் ஒரு செஷன் போகும் வழி செத்தால் செஷனும் செத்தது. எல்லோரும் மறுபடி உள்ளே நுழைய வேண்டும். ரவுட்டரோ வேறு வழி இருக்கிறதா என்று தானே தேடிப் போகும். அந்த ஒரு குணத்துக்காகவே அதை வரவேற்றிருக்கலாம்.

ஆனால் அது வேறு வழி தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் எஸ்.என்.ஏ. பொறுமையாக இருக்காது. மறுமுனையிலிருந்து ஓரிரு நொடிக்குள் 'இருக்கிறேன்' என்ற பதில் வராவிட்டால் அது மறுபடி கேட்கும், பிறகு பேச்சை முறித்துவிடும். அதனால் ரவுட்டர்களுக்கு ஒரு தந்திரம் கற்றுக்கொடுத்தார்கள். டேட்டா சென்டர் பக்கத்து ரவுட்டர், கிளையின் சார்பில் தானே பதில் சொல்லிவிடும். வீட்டில் ஆள் இல்லாதபோது பக்கத்து வீட்டுக்காரர் 'உள்ளேதான் இருக்கிறார்' என்று குரல் கொடுப்பதைப் போல. கிளைப் பக்கத்து ரவுட்டரும் மெயின்ஃப்ரேமின் சார்பில் அங்கே அதையே செய்யும். செஷன்கள் அறுபடாமல் நின்றன. அதே நொடியில், கிளையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதற்கும் வீடாமுக்கும் நடுவில் ஒரு திரை விழுந்தது.

எங்கள் நிறுவனத்தில் அந்தத் திரை கட்டடத்திலும் விழுந்திருந்தது. மெயின்ஃப்ரேம் ஆபரேட்டர்கள் கீழ்த்தளத்தில், இரவும் பகலும் ஷிஃப்ட் மாற்றி உட்கார்ந்திருந்தார்கள். ரவுட்டர் குழு மேல்தளத்தில், யூனிக்ஸ் எந்திரங்களோடு. அவர்கள் சுவரில் ஒரு வரைபடம்: ஒவ்வொரு ஊரும் ஒரு சின்னம், இயங்கினால் பச்சை, நின்றால் சிவப்பு. அதற்குப் பின்னால் ஓடியது எஸ்.என்.எம்.பி. என்ற கண்காணிப்பு நெறிமுறை. ஜெஃப்ரி கேஸ், மார்க் ஃபெடோர், மார்ட்டின் ஷாஃப்ஸ்டால், ஜேம்ஸ் டேவின் என்ற நால்வர் எழுதியது; ஆர்.எஃப்.சி. 1157 ஆக 1990இல் நிலைபெற்றது. இணையத்தின் பொறுப்பாளர்கள் 1988இல் இதை இடைக்கால ஏற்பாடாகத்தான் ஏற்றார்கள். நீண்ட காலத்துக்கு ஓ.எஸ்.ஐ. வழியில் வந்த சி.எம்.ஐ.பி. என்ற பெரிய முறை வரப்போகிறது என்பது அப்போதைய தீர்மானம். பெரியது வரவே இல்லை. இடைக்காலத்தது இன்றும் ஓடுகிறது.

எளிமைதான் அதன் பலம். ஒரு கேள்விப் பொட்டலம், ஒரு பதில் பொட்டலம். இந்த முனை இயங்குகிறதா, எத்தனை பைட் உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது, எத்தனை பொட்டலம் கைவிடப்பட்டது. கருவியைப் பற்றிய எல்லாக் கேள்விக்கும் அதில் இடம் உண்டு. அந்தக் கருவி வழியாக யார் யாரோடு பேசுகிறார்கள், அவர்களுக்குப் பதில் போய்ச் சேர்கிறதா என்ற கேள்விக்கு அன்று அதில் இடமில்லை. ரவுட்டருக்கே அது தெரியாது. பொட்டலத்தை வாங்கி, முகவரி பார்த்து, அடுத்த கையில் கொடுத்து மறந்துவிடுவது அதன் இயல்பு. அந்த மறதியால்தான் அது அவ்வளவு வேகமாகவும் உறுதியாகவும் இருக்கிறது.

ஒரு மாதக் கடைசியில் அது எங்களைக் கடித்தது. சில கிளைகளிலிருந்து பகல் முழுக்கப் புகார். இழப்பீட்டு மனுக்களைப் பதிவுசெய்யும் பெண்கள் என்டர் அழுத்துகிறார்கள். திரையின் அடிவரியில் எக்ஸ் குறியும் கடிகாரமும் தோன்றி அப்படியே நிற்கின்றன. வீடாமைக் கேட்டால் செஷன் இயங்குகிறது என்றது. மேல்தளத்தைக் கேட்டால் வரைபடம் பச்சை. இரண்டு தளமும் பொய் சொல்லவில்லை. அந்தக் கிளைகளில் பலர் மணிக்கணக்கில் வேலையின்றி உட்கார்ந்திருந்தார்கள். வீடு எரிந்தவர், கார் நசுங்கியவர் தொலைபேசியின் மறுமுனையில் காத்திருந்தார்கள். இதுதான் எனக்கு அன்று பொறுக்கவில்லை. எங்கள் கையில் உலகத்தின் எல்லாக் கருவியும் இருந்தது. மனிதர் ஒருவருக்குப் பதில் வரவில்லை என்பதைச் சொல்ல அவரே தொலைபேசியில் கூப்பிட வேண்டியிருந்தது.

அண்ணாதான் ஆர்.டி.எம். கணக்கை எடுத்துப் பார்க்கச் சொன்னார். பதில் நேரம் ஒன்பது, பத்து நொடி என்று ஏறியிருந்தது. பிறகு அவற்றில் ஒரு கிளையின் ரவுட்டருக்குள் நுழைந்து லைனைப் பார்த்தோம். 56 கிலோபிட் லைன். யாரோ பி.சி.களுக்குப் புது மென்பொருளைப் பகலிலேயே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1500 பைட் கொண்ட ஒரு பொட்டலம் அந்த லைனில் ஏறி இறங்க ஐந்தில் ஒரு நொடிக்கு மேல் ஆகும். ரவுட்டர் தன் வாசலில் நாற்பது பொட்டலம் வரை வரிசையில் நிறுத்தும். வந்த வரிசையிலேயே அனுப்பும். நாற்பதும் பெரிய பொட்டலமாக இருந்தால் கடைசியில் நிற்பதற்கு எட்டரை நொடிக் காத்திருப்பு. ஒரு முழு 3270 திரையே 1920 எழுத்துதான். அந்தச் சின்னப் பேச்சு, கோப்புகளுக்குப் பின்னால் நின்று மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. ரவுட்டரில் வரிசையைப் பிரித்து, எஸ்.என்.ஏ.வுக்கு ஒரு பங்கை ஒதுக்கிக் கொடுத்தவுடன் திரைகள் உயிர்பெற்றன.

காரணம் கண்டுபிடிக்கத் தேவைப்பட்ட இரண்டு எண்களும் முதல் மணி நேரத்திலேயே கட்டடத்தில் இருந்தன. ஒன்று கீழ்த்தளத்தில். இன்னொன்று மேல்தளத்தில்.

"ரெண்டையும் ஒரே ஸ்க்ரீன்ல கொண்டு வா தம்பி," என்றார் அண்ணா. "எந்த ஸ்க்ரீன்னு சண்டை போடாதே. ராத்திரி மூணு மணிக்கு முழிச்சிட்டு இருக்கிறவன் எந்த ஸ்க்ரீனைப் பாக்கிறானோ அது."

இரவு மூன்று மணிக்கு விழித்திருந்தது மெயின்ஃப்ரேம் ஆபரேட்டர். அப்படித்தான் ரவுட்டர்களை மெயின்ஃப்ரேமிலிருந்து கண்காணிக்கும் வேலை என் மேசைக்கு வந்தது.

வழி இருந்தது. சிஸ்கோ தன் ரவுட்டர்களுக்குள் 'சர்வீஸ் பாயின்ட்' என்ற வசதியை வைத்திருந்தது. அதை இயக்கினால் ரவுட்டர், வீடாமின் கண்ணுக்கு எஸ்.என்.ஏ. கருவிகளில் ஒன்றாகத் தெரியும். அதற்கும் எட்டெழுத்துப் பெயர் வைக்கலாம். ஒரு முனை விழுந்தால் அந்தச் செய்தியை நெட்வியூவுக்குப் புரியும் எச்சரிக்கையாக அனுப்பும். நெட்வியூவிலிருந்து 'ரன்கமாண்ட்' என்ற கட்டளையில் ரவுட்டரின் சொந்தக் கட்டளையைப் பொதிந்து அனுப்பலாம். பதில் ரவுட்டர் சொல்வது போலவே பச்சைத் திரையில் வரிவரியாக இறங்கும். பின்னர் இதன் மேல் கட்டி, ஐ.எஸ்.எம். என்ற மென்பொருளையே சிஸ்கோ மெயின்ஃப்ரேமுக்காக விற்றது. ரவுட்டரின் நினைவகம், செயலிச் சுமை, முனைகளின் நிலை எல்லாம் 3270 திரையில் பட்டியலாக வரும்.

சின்னச் சின்ன இடறல்கள் நிறைய. நெட்வியூ, தட்டியதையெல்லாம் பெரிய எழுத்தாக மாற்றிவிடும் பழக்கமுள்ளது. ரவுட்டரின் கடவுச்சொற்களோ சின்ன எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசம் பார்ப்பவை. கட்டளைக்கு முன்னால் 'நெட்வாஸிஸ்' என்ற சொல்லைச் சேர்த்தால்தான் எழுத்து உள்ளபடி போகும். இது தெரியாமல் ரவுட்டர் மறுக்கிறது என்று நாள்கணக்கில் தேடியவர்களை நான் அறிவேன். அடியில் எழுத்துக் குறியீடே வேறு: 'ஏ' என்ற ஆங்கில எழுத்து மெயின்ஃப்ரேமின் எப்சிடிக்கில் சி1, ரவுட்டரின் ஆஸ்கியில் 41. நடுவில் யாராவது மொழிபெயர்க்காவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று குப்பை என்று நினைக்கும்.

ரெக்ஸ் மொழியில் நான் எழுதிய நிரல் பெரிதொன்றுமில்லை. கிளைகளின் பதில் நேரத்தை அவ்வப்போது எடுத்துப் பார்க்கும். எல்லை தாண்டினால் அந்தக் கிளையின் ரவுட்டரிடம் ரன்கமாண்ட் மூலம் லைனின் நிலையைக் கேட்கும். வரிசையில் எத்தனை நிற்கிறது, எத்தனை கைவிடப்பட்டது என்ற இரண்டு எண்ணைப் பிரித்தெடுக்கும். பதில் நேரம், செஷன் நிலை, ரவுட்டர் வரிசை மூன்றையும் ஒரே வரியில் ஆபரேட்டர் முன் வைக்கும். அந்த வரியைப் பார்த்து, கிளையிலிருந்து தொலைபேசி வருவதற்கு முன்பே ஆபரேட்டர் கிளையைக் கூப்பிட்ட இரவுகள் வந்தன. என் தொழில் வாழ்க்கையில் நான் பெருமைப்படும் வேலைகளில் அதற்கே முதலிடம்.

அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. 1999இல் ஐ.பி.எம். தன் ரவுட்டர், ஸ்விட்ச் தொழில்நுட்பத்தைச் சிஸ்கோவுக்கு விற்றுவிட்டு அந்த வியாபாரத்திலிருந்து வெளியேறியது. கிளைகளில் 3174 பெட்டிகள் போய், பி.சி.யிலேயே டெர்மினலைப் போல நடிக்கும் மென்பொருள் வந்தது, அது டி.என்.3270 வழியாக, வெறும் டெல்நெட் இணைப்பாக மெயின்ஃப்ரேமுக்கு நேரே வந்தது. பெட்டி போனதும், பெட்டிக்குள் இருந்த ஆர்.டி.எம். கடிகாரமும் போயிற்று. புதுப் பெட்டிகள் வாங்கும் கூட்டங்களில் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. விலைப்பட்டியலில் அது ஒரு வரியாக இல்லை. 2002இல் 3745 விற்பனையும் நின்றது.

மெயின்ஃப்ரேம் ஐ.பி. பேசத் தொடங்கியபோது நடந்தது இன்னும் வியப்பானது. இன்று அதற்குள் ஓம்ப்ரௌட் என்ற நிரல் ஓடுகிறது. அது ஓ.எஸ்.பி.எஃப். என்ற வழித்தட மொழியில் அடுத்திருக்கும் ரவுட்டர்களிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. ரவுட்டரின் பட்டியலில் மெயின்ஃப்ரேம் ஓர் அண்டைவீட்டுப் பெயர். அதன் முகவரி ஓர் எந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறினால், எங்கே மாறியது என்று மற்றவர்களுக்குச் சொல்வது ரவுட்டர்கள். வழித்தடத் தகவல்களின் சுமை வேண்டாம் என்று மெயின்ஃப்ரேமை 'ஸ்டப் ஏரியா' என்ற முட்டுச்சந்தில் வைப்பதே நல்ல வடிவமைப்பு என்று ஐ.பி.எம்.மே பரிந்துரைக்கிறது. ஒரு காலத்தில் வலைப்பின்னலின் ஒவ்வொரு பெயரையும் அறிந்திருந்த எந்திரம், வாசலில் நிற்கும் ரவுட்டரைத் தவிர எதையும் அறிய வேண்டியதில்லை. வடிவமைப்பாக அது சரிதான். ஒத்துக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஐ2ஐ கடலடிக் கேபிள் 2002இல் வந்தது. அடுத்தடுத்து மற்றவையும் வந்தன. மத்திய மேற்கின் இரவு ஷிஃப்ட் மெல்ல மெல்லப் பழைய மகாபலிபுரம் சாலைக்குக் குடிபெயர்ந்தது. நானும் திரும்பினேன். இப்போது அங்கே ஒரு குழுவுக்கு ஆலோசகனாக இருக்கிறேன். அவர்கள் பார்ப்பது அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவரின் வலைப்பின்னலை. அதில் ஓர் ஓரத்தில் மெயின்ஃப்ரேம். சுவர் முழுக்கத் திரைகள். ப்ரொமீதியஸ் எண்களைச் சேகரிக்க, கிராஃபானா அதைக் கோடுகளாக வரைகிறது. அழகாகத்தான் இருக்கிறது. நாங்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டதை ரவுட்டர்கள் இப்போது கேட்காமலேயே சில நொடிகளுக்கு ஒருமுறை அனுப்புகின்றன. பழைய எஸ்.என்.எம்.பி. எண்ணியின் 32 பிட், ஒரு கிகாபிட் லைனில் 34 நொடியில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பவருக்கு அந்த எண்ணால் பயனில்லை. அதை 64 பிட்டாக்கினார்கள். இவையெல்லாம் முன்னேற்றம். ஒன்றையும் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

ஆனால் கொஞ்ச நாள் முன்பு அங்கே நான் கேட்ட உரையாடல், அந்த மாதக் கடைசியில் கேட்டதேதான். வாடிக்கையாளரின் ஆள் தொலைபேசியில்: திரை நிற்கிறது. ரவுட்டர் பார்க்கும் பையன்: எல்லாம் பச்சை. மெயின்ஃப்ரேம் பார்க்கும் பையன்: பரிவர்த்தனை ஒரு நொடிக்குள் முடிகிறது. இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். தளம்கூட வேறில்லை.

இணைய உலகம் இந்த ஓட்டையைத் தன் வழியில் கண்டுகொண்டது. கூகுள் 2010இல் டேப்பர் என்ற தன் கருவியைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது: பயனாளரின் ஒரு கோரிக்கைக்கு ஓர் அடையாளம் கொடுத்து, அது எத்தனை எந்திரம் தாண்டினாலும் கூடவே அனுப்பி, எங்கே எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு 'ட்ரேஸ்' ஆகக் கோப்பது. அதன் வழிவந்த முயற்சிகள் 2019இல் ஓப்பன்டெலிமெட்ரி என்று ஒன்றுசேர்ந்தன. ஒவ்வொரு கோரிக்கைக்கும் 32 இலக்க அடையாளம். எங்கள் குழுவுக்கு நடந்த ஒரு வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்த இளைஞர் அதைப் பத்தாண்டுகளின் பெரிய கண்டுபிடிப்பு என்றார். பெரியதுதான். பல நிறுவனங்களின் ஆயிரம் நிரல்களைத் தாண்டி ஓர் அடையாளத்தைக் கொண்டுபோவது, ஒரே நிறுவனத்தின் ஒரே குடைக்கீழ் எஸ்.என்.ஏ. செய்ததைவிடக் கடினம். அடிப்படைக் கேள்வி மட்டும் பதினாறு இலக்கத்தில் வீடாம் வைத்திருந்த அதே கேள்வி: இந்த ஒருவரின் பேச்சு எங்கே நிற்கிறது?

அந்தக் குழுவில் மதுரைப் பெண் ஒருவர் இருக்கிறார். ரவுட்டர் பக்கம் வேலை. வகுப்பு முடிந்து வந்து கேட்டார்.

"சார், பழைய 3270 ஆளுங்களுக்கு இந்த ட்ரேஸ் எல்லாம் கிடையாதே. அவங்க டெல்நெட்ல வர்றாங்க. அவங்களுக்கு ஸ்லோவா இருக்குன்னு எப்படித் தெரியும்?"

கேட்க வேண்டிய கேள்வி. விடையும் இருக்கிறது. தொலைந்த கடிகாரத்தை யாரோ நினைவில் வைத்திருந்தார்கள். டி.என்.3270 பதில் நேரத்தை அளந்து எஸ்.என்.எம்.பி. வழியாகச் சொல்வதற்கான வரையறை 1999இலேயே ஆர்.எஃப்.சி. 2562 ஆக எழுதப்பட்டது. மெயின்ஃப்ரேமின் டெல்நெட் சர்வரில் அந்த வசதி உள்ளது. மொத்த நேரத்தை ஐ.பி. பக்கம் எவ்வளவு, எஸ்.என்.ஏ. பக்கம் எவ்வளவு என்று இரண்டாகப் பிரித்தே தரும். இயக்க வேண்டியது மட்டும்தான். இயக்கச் சொல்லி யாரும் கேட்டிருக்கவில்லை.

மெயின்ஃப்ரேம் குழுவிடம் அவரே பேசி இயக்கவைத்தார். அந்த எண்ணைக் கிராஃபானாவுக்குக் கொண்டுவந்து, அதே கிளையின் ரவுட்டர் வரிசை, கைவிடப்பட்ட பொட்டலம் இரண்டுக்கும் மேலே வைத்தார். சில நாளிலேயே ஒரு கிளையில் ஐ.பி. பக்கக் கோடு மட்டும் தினமும் காலை ஒன்பதரைக்கு ஏறுவது தெரிந்தது. ரவுட்டர் வரிசையும் அதே நேரத்தில் நிறைந்தது. காரணம் ஒரு கேமரா, தன் பதிவுகளை அந்த நேரத்தில் மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. நேரத்தை மாற்றிவிட்டார்கள். அந்தக் கிளை அதுவரை புகார் செய்ததே இல்லை. காலையில் மெதுவாகத்தான் இருக்கும் என்று பழகிப்போயிருந்தார்கள்.

"இந்தப் பேனல்ல இன்னும் என்ன சேர்க்கலாம் சார்?" என்று கேட்டார்.

"அந்தக் கிளை எத்தனை மணிக்குத் திறக்குது, அங்க யாரைக் கூப்பிடணும், அவங்க நம்பர் என்ன. இது மூணையும் சேருங்கம்மா" என்றேன். எங்கள் பழைய திரையில் கடைசிப் பத்தி அதுதான். வாடிக்கையாளரிடம் அந்தப் பட்டியல் யார் கையில் இருக்கிறது என்று விசாரித்து மின்னஞ்சல் போட்டிருக்கிறார். பாதிக் கிளைகளின் எண்கள் வந்துவிட்டன.